ஒத்துக்காத ஊசி

– அந்தச் சிவப்பு எழுத்தையே திருப்பித் திருப்பிக் காட்டாதேம்மா. டாக்டரம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு.

– காட்டாம எப்படிப்பா? இந்த ஊசி ஆகாதுன்னு அம்மா கார்டுல நானே எழுதி வச்சிருக்கேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல இதைத்தான் நீட்டுவேன். டாக்டர், வேற மருந்தே இல்லையா?

– வேற மருந்துதாம்மா ரெண்டு நாளா ஏத்தினோம். காய்ச்சல் இறங்கல. காலையில உங்களையே யாருன்னு கேட்டாங்க. இப்ப கண்ணே திறக்கல. முதுகுத்தண்டுல எடுத்த நீர் ரிப்போர்ட் வந்துடுச்சு. மூளையைச் சுத்தி இருக்கிற உறையில கிருமி. அங்க வரைக்கும் போய் அந்தக் கிருமியைக் கொல்ற மருந்து எங்க கையில இந்த செஃப்ட்ரையாக்ஸோன் ஒண்ணுதான்.

– அப்ப போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. எதுக்கு இத்தனை பேச்சு?

– அப்பா, சும்மா இருங்க! தலைவலி மாத்திரை எழுதிக் குடுத்தாலே டாக்டருங்க எல்லாம் திருடனுங்கம்பீங்க. இன்னிக்கு மட்டும் என்ன, போடு போடுன்னு குதிக்கிறீங்க?

– இப்பவும் நம்பல. ஆனா அவ மூச்சு விடுற சத்தம் எனக்குப் புடிக்கல.

– ஐயா, இருபத்திமூணு வருஷம் முன்னாடி சிறுநீரகத்துல கிருமின்னு இதே ஊசியைப் போட்டப்ப முகம் வீங்கி கண்ணு மூடிப்போச்சுன்னு எழுதியிருக்கு. அது நிஜம்னா இந்தத் தடவை தொண்டையே அடைச்சுக்கும்.

– கொஞ்சூண்டு போட்டுப் பாருங்களேன்.

– ஒத்துக்காத உடம்புக்குக் கொஞ்சமே போதும் ஐயா.

– பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிடலாமா டாக்டர்?

– ஆறு மணி நேரப் பயணம்மா. அம்மா தாங்க மாட்டாங்க. இங்கயே, சீக்கிரமா முடிவு பண்ணியாகணும்.

– நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் கையால எங்கம்மாவை முடிக்கச் சொல்றீங்களா?

– ஏம்மா, நீ போய் ஒரு டீ குடிச்சுட்டு வாயேன்.

– இப்ப எனக்கு டீ ஒண்ணுதான் குறைச்சல்.

– அப்ப எனக்குத் தண்ணி வாங்கிட்டு வா.

– தண்ணி பாட்டில் உங்க கையிலதான் இருக்கு. என்னை எதுக்கு வெளிய துரத்துறீங்க?

– இந்த ரூம்ல ஜன்னல்கூடத் திறக்க மாட்டேங்குது. மூச்சு முட்டுது.

– ஐயா, உக்காருங்க. அன்னிக்கு வீட்டுல இருந்த பெரிய ஆளு நீங்க ஒருத்தர்தான். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல வீங்கிச்சு?

– வீட்டுக்கு வந்ததும்.

– உடம்புல அரிப்பு, தடிப்பு?

– இல்ல.

– மூச்சுத் திணறல்? வாந்தி?

– இல்ல. அழுதா. அவ்வளவுதான்.

– முகம் ரெண்டு பக்கமும் வீங்கிச்சா?

– ஒரு பக்கம்.

– எந்தப் பக்கம்?

– இடது பக்கம். அதுல என்ன இருக்கு?

– தோல் எப்படி இருந்துச்சு? சிவப்பா?

– அப்ப சிவப்பு. மறுநாள் நீலம்.

– மென்னு முழுங்காதீங்க ஐயா. ஊசி ஒத்துக்காம ஒரு கன்னத்துல மட்டும் ரத்தம் கட்டி நான் பார்த்ததில்ல.

– டாக்டர், என்ன கேக்குறீங்க? அன்னிக்கு நான் ஸ்கூல் விட்டு வரேன், அம்மா மூலையில உக்காந்திருக்காங்க, ஊசி ஒத்துக்கலம்மான்னு அப்பாதான் சொன்னாரு. அப்படித்தானேப்பா?

– சொன்னேன்.

– அப்ப இவங்ககிட்டயும் சொல்லுங்க.

– ஊசி இல்ல. இந்தக் கை. சொல்லாம கொள்ளாம க்ளினிக்குக்குப் போயிட்டு வந்தா. வாசல்லயே வச்சு அறைஞ்சேன்.

– அம்மாவும் ஆமான்னுதானே சொன்னாங்க.

– என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னா.

– பதினஞ்சு வருஷமா கார்டு மாத்துறப்பல்லாம் சிவப்புப் பேனா தேடி எழுதுறேன். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?

– பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

– அம்மா, அதை அப்புறம் பேசுங்க. ஐயா, அறைஞ்சீங்கன்னு மட்டும் வச்சு நான் மருந்து ஏத்த முடியாது. அன்னிக்கு ரெண்டுமே நடந்திருக்கலாம். அதுக்கப்புறம் அந்த ஊசியைத் திரும்பப் போட்டாங்களா?

– அஞ்சு நாள் ஊசி. மீதி நாலும் போட்டுக்கிட்டா.

– உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? பகல்ல நீங்க பட்டறையில இருப்பீங்க.

– பட்டறையைப் பூட்டிட்டு அவ பின்னாலயே போனேன். க்ளினிக்குக்கு எதிர்ல ஒரு சைக்கிள் கடை. அங்க நின்னா உள்ள எல்லாம் தெரியும். நாலு நாளும் ஊசி ஏறுறதைப் பாத்தேன். போட்டதும் அரைமணி நேரம் பெஞ்சுல உக்கார வைப்பாங்க. முந்தானையால கன்னத்தை மூடிக்கிட்டு உக்காந்திருப்பா. அப்புறம் நடந்தே வீட்டுக்கு வருவா. புதுசா ஒரு கொப்புளம்கூட வரல. பழைய வீக்கமும் வத்திக்கிட்டேதான் வந்துச்சு.

– நிச்சயமா?

– நல்லவன்னு பேர் வாங்கவா டாக்டரம்மா இதைச் சொல்றேன்?

– போதும். சிஸ்டர், மருந்தைக் கலக்குங்க. அலர்ஜிக்குப் போடுற அவசர ஊசியும் கைக்கெட்டுற மாதிரி இருக்கட்டும். மெதுவா ஏத்துவோம், நான் கட்டில் பக்கத்துலயே நிக்கிறேன். அம்மா, நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.

– குடுங்க. போட்டாச்சு. போங்க டாக்டர், சீக்கிரம் போங்க.

– நீயும் கூடப் போம்மா.

– போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அடிச்சீங்க. அதை என்னால மறக்க முடியாது. ஆனா மறுநாளே பட்டறையைப் பூட்டிட்டு நாலு நாள் அம்மா பின்னாலயே போயிருக்கீங்க. காய்ச்சலோட போறாளே, வழியில விழுந்துடப் போறாளேன்னு பயந்துதானே? அதையாவது ஆமான்னு சொல்லுங்கப்பா.

– இல்லம்மா. ஊசிக்குத்தான் போறாளா, எவனையாவது பாக்கப் போறாளான்னு கண்டுபிடிக்கப் போனேன்.