செகப்புப் பொட்டு லென்சும் பச்சப் பொட்டு லென்சும்

ஏங்க்கா, நீங்களே சொல்லுங்க, இது ரெண்டுக்கும் எதனா வித்தியாசம் தெரியுதா? இந்தாங்க, கையில வாங்கித்தான் பாருங்களேன். பஸ்ஸு ஏறினதுலேர்ந்து எனக்கு மடியில பாப்பா தூங்கறா, கை ஒழியல. ஐயோ, கண்ணாடியத் தொடாதீங்க! ரேகை பட்டா எங்க வூட்டுக்காரரு மோந்து பாத்தே கண்டுபுடிச்சிடுவாரு. ஓரமாப் புடிங்க... ம், அப்பிடித்தான்.

தெரியலல்ல? ஒரே கருப்பு, ஒரே கனம், ஒரே கம்பெனி, ஒரே நம்பரு. கேமராவுல மாட்டற லென்சுக்கா. அகலமாப் புடிக்கிறது. ஆனா தானாத் தெளிவாவாது, கையால வளையத்தத் திருகித் திருகித்தான் தெளிவு பண்ணணும். இந்தக் காலத்துல போனத் தொட்டா போட்டோ வுழுது, இவுரு இதக் கட்டிக்கினு அழுவறாரு. கேட்டா, 'ஜெயசுதா, கையால திருகி எடுக்கற ருசியே வேற'ங்கறாரு. நான் கூடத்தான் கரண்டு இல்லாதப்ப கையால மாவாட்டறேன், அதுல எவன் ருசியக் கண்டான்?

பேரு இளஞ்செழியன். கரியாலூர்ல ஸ்டுடியோ வெச்சிருக்காரு. எங்க மலை வூட்டு வாசலுங்க எப்பிடின்னு உங்களுக்கே தெரியும், வெள்ளிமலையில டீச்சர்னு சொன்னீங்களே. வாசல் முடிஞ்சா சரிவு. அறுபது சனத்த நிக்க வெச்சி எல்லாரையும் படத்துல அடக்கணும்னா பின்னாடி போவணும், போனா பள்ளம். போன தையில ஒரு வளைகாப்புல 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு பின்னாலயே போயி மரவள்ளிக் கொல்லையில வுழுந்தாரு. கேமராவ மட்டும் மேல தூக்கிப் புடிச்சிக்கினு மல்லாந்து கெடக்கறாரு! அன்னிக்கு முடிவு பண்ணாரு, அகல லென்சு வாங்கறதுன்னு.

கள்ளக்குறிச்சியில வெங்கடேசன்னு பழைய கேமரா சாமான் விக்கிறவரு. நல்ல மனுசன். 'ரெண்டு கெடக்குது தம்பி, பழசுல ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, பத்து நாளு வெச்சிப் பாத்துட்டு ஒண்ணத் திருப்பிக் குடு'ன்னாரு. அங்கதான்க்கா புடிச்சுது சனியன். ஒண்ணே ஒண்ணு குடுத்திருந்தா மனுசன் பேசாம இருந்திருப்பாரு.

எது எதுன்னு அடையாளம் தெரியணுமே? நாந்தான் ஒண்ணுல செகப்பு ஸ்டிக்கர் பொட்டு, இன்னொண்ணுல பச்சப் பொட்டு ஒட்டிக் குடுத்தேன். ஒடனே நோட்டுப் போட்டுட்டாரு. தெனம் வெயிலு வந்ததும் வூட்டுல எல்லாரையும் வரிசையா நிக்க வெப்பாரு. நடுவுல எல்லா லென்சும் நல்லா எடுக்குமாம், ஓரத்துலதான் வண்டவாளம் தெரியுமாம். மொத நாளு எங்க மாமியாரு ராணியம்மாள ஓரத்துல நிறுத்தினாரு. அகல லென்சு ஓரத்துல நிக்கறவங்கள இழுத்துக் காட்டுமாமே, படத்தப் பாத்துட்டு 'பெத்த தாய ஒரலாட்டம் ஆக்கிட்டியே'ன்னு அன்னியோட ஒதுங்கிக்கினாங்க. அன்னிக்கே அந்த எடத்துல மாட்டினது எங்க அண்ணன்.

அண்ணன் பேரு சிவசங்கரு. கீழ கரும்பு லாரி ஓட்டுது. நாளைக்கு இந்தப் பாப்பாவுக்குத்தான்க்கா காதுகுத்து! தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சித்தான குத்தணும்? இப்ப லோடு இல்லன்னு முன்னாடியே வந்து, பந்தலு பாத்திரம்னு அத்தன வேலையும் அதுதான் பாத்துது.

மொத அஞ்சு நாளு செகப்புல அண்ணன் மீச முடி முடியாத் தெரியுது, பச்சையில பஞ்சு மாதிரி கலங்கிக் கெடக்குது. 'செகப்புதான்'னு நோட்டுல கோடு போட்டுட்டாரு. ஆறாம் நாளு பாத்தா பச்சையில மீச, செகப்புல பஞ்சு! இவுருக்குக் கிறுக்குப் புடிக்காத கொற. பனிங்கறாரு, ஈரக்காத்துங்கறாரு, கடைசியில 'மச்சான், நீ ஆடற'ன்னுட்டாரு. அண்ணன் மூச்ச அடக்கிக்கினு நிக்குது. 'இன்னும் ஆடற.' செவுத்துல சாஞ்சிக்கினு நிக்குது. 'இப்பவும் ஆடற.' நாலு நாளா இதே பாட்டு. நேத்து ஒரு வார்த்த வுட்டாரு பாருங்க: 'ஒரு எடத்துல ஒழுங்கா நிக்கத் தெரியாதவன் மடியில எம் பொண்ண எப்பிடி ஒக்கார வெக்கிறது?'

அண்ணன் அப்பவே பைய எடுத்துக்கினு மலைய வுட்டு எறங்கிடுச்சு. போன எடுக்க மாட்டேங்குது. இவுரு என்னாடான்னா காலையில, 'மொதல்ல பாத்ததுதான் கரெக்ட்டு, மீதியெல்லாம் ஒங்க அண்ணன் ஆட்டம். செகப்பு இருக்கட்டும், பச்சையக் குடுத்துட்டு வா'ங்கறாரு. நான் அவுருக்குத் தெரியாம ரெண்டையும் எடுத்தாந்துட்டேன்.

ஏனா? அது வந்துக்கா... அஞ்சாம் நாளு பாப்பா ரெண்டு பொட்டையும் பிச்சிட்டா. சின்னப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்? நாந்தான் குத்துமதிப்பாத் திருப்பி ஒட்டினேன்...

இன்னாக்கா அப்பிடிப் பாக்கறீங்க? கிளாசுல பசங்களப் பாக்கற மாதிரி... சரி சரி, பாப்பா இல்ல. நாந்தான். அன்னிக்கு அங்கன்வாடியில மீட்டிங், வூட்டுல பொட்டு அட்ட காலி. வெறும் நெத்தியோட எப்பிடிப் போறது? செகப்ப எடுத்து நான் வெச்சிக்கினேன். இவ அழுதான்னு பச்சைய இவளுக்கு வெச்சேன். வந்து திருப்பி ஒட்டறப்ப எதுல எது இருந்துச்சுன்னு யாரு கண்டா? அதான் கடையிலயே காட்டிக் கேக்கலாம்னு ரெண்டையும் எடுத்தாந்தேன்.

இருங்க இருங்க. மொத செகப்பு நல்லா இருந்துது. பொட்டு மாறினப்புறம் பச்ச நல்லா இருக்குது. அப்ப ரெண்டு தடவையும் நல்லா எடுத்தது ஒரே லென்சுதான! ஆத்தாடி, அதத்தான இவுரு திருப்பிக் குடுத்துட்டு வரச் சொன்னாரு! இப்பவே பொட்ட மாத்தி ஒட்டிட்டா ஆயுசுக்கும் அவுருக்குத் தெரியாது. ஆனா லென்சு சரியாயிடும், அண்ணன் ஆடுச்சுங்கறது அப்பிடியேதான நிக்கும்? நாளைக்கு எந்த மடியில இவள ஒக்கார வெப்பேன்?

அட, அடிவாரம் வந்துடுச்சு, டவரு வந்துடுச்சு... ஐயையோ, பதினோரு மிஸ்டு காலு! செகப்பத் தொடச்சி வெக்கலாம்னு கேமராப் பையத் தொறந்திருப்பாரு, லென்சக் காணோம். பாருங்க, மறுபடி அடிக்கிறாரு. அக்கா, எங்க எந்திரிக்கிறீங்க? கள்ளக்குறிச்சின்னுதான கண்டக்டர்கிட்ட சொன்னீங்க! ஒக்காருங்க. லென்சு ரெண்டையும் பாப்பா காலுகிட்ட வெச்சிட்டு இந்தப் போனப் புடிங்க. நான் சொன்னா கத்துவாரு, டீச்சர் சொன்னா கேட்டுக்குவாரு. பொட்டு விசயத்த நீங்களே பாத்துப் பக்குவமாச் சொல்லுங்க. ஆனா மொதல்ல, சிவசங்கரு ஆடவே இல்ல, கல்லாட்டம் நின்னுச்சுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, ஒடனே மச்சானுக்குப் போனப் போட்டு, 'மடி குடுக்க வா'ன்னு அவுரு வாயாலயே கூப்புடச் சொல்லுங்க்கா.