மூணு நாள் ஆயிரத்துக்குக் கீழ

இல்லக்கா, காலெல்லாம் ஒன்னும் வலிக்கல. நீங்க உக்காருங்க. அந்தப் பைய வேணா என் எடத்துல வெச்சுக்கங்க. பேரிகை பஸ்ஸுதானே? இப்பதான் ஒன்னு போச்சு. அடுத்தது வர அர மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் நான் இந்தக் கம்பத்துக்கும் அந்த டீக்கடைக்கும் போயிட்டுப் போயிட்டு வருவேன். நீங்க பேசுங்க, நடந்துகினே கேக்கறேன்.

இதுவா? வாட்ச் இல்லக்கா. மணி காட்டும், ஆனா அதுக்கில்ல. எத்தன தப்படி நடக்கறோம்னு எண்ணும். பாருங்க, நானூத்தி எம்பது. ராத்திரி ஒம்போது மணிக்குள்ள ஆயிரம் தாண்டணும். என்னுது இல்ல, எம் பொண்ணுது. மோகனப்ரியான்னு பேரு, ப்ளஸ் ஒன் படிக்கறா. காலாண்டு லீவுக்கு எங்க நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கறா, மாலூர் பக்கம். இத மறந்து வெச்சுட்டுப் போயிட்டா. அதான் நான் கட்டிகினு நடக்கறேன்.

சிரிங்க சிரிங்க. கேன்டீன்லயும் எல்லாரும் சிரிச்சாங்க. சிப்காட்ல ஒரு கம்பெனி கேன்டீன்லதான் எனக்கு வேலை, காய் வெட்டறது. காலைல ஆறு மணில இருந்து ரெண்டு மணி வரைக்கும் நின்ன எடத்துல நிக்கணும். கால் எங்க நடக்குது? மொத நாள் இத கட்டிகினு வெங்காயம் வெட்டினேங்கா. கை ஆடறதெல்லாம் நடைன்னு எண்ணிடுச்சு. சாயங்காலம் பாத்தா பதினெட்டாயிரம்! அவ ஸ்கூல் வாட்ஸப் குரூப்புல புள்ளைங்கல்லாம் கைதட்டற பொம்மையா அனுப்புதுங்க, ப்ரியா ஓடியே பெங்களூர் போயிட்டியாடின்னு. மறுநாள் சூப்பர்வைசர் பாத்துட்டு, கையில எதுவும் கட்டக் கூடாது, கழட்டி வைன்னுட்டாரு. அப்புறம் எங்க வீட்டுக்காரர் ஒரு யோசனை பண்ணாரு பாருங்க, கன்னுக்குட்டி கழுத்துல கட்டிட்டாரு. அது ராத்திரியெல்லாம் தலைய ஆட்டிகினு நின்னுச்சு. தூங்கற நேரத்துல மூவாயிரம்! யாராவது நம்புவாங்களா? அதான் இப்ப பஸ் ஸ்டாண்டுல நடக்கறேன்.

ஆமா, உக்காந்தபடியே கைய ஆட்டினாலும் ஏறும். தெரியும். ஆனா மனசு வரல. அவ தினம் இந்த எண்ண எழுதற நோட்டுல ஒரு பொய் எழுத மாட்டா. ஒரு நாள் முன்னூறுதான் நடந்தான்னா முன்னூறுன்னுதான் எழுதுவா. நான் அவ பேருல நடக்கறதே பொய்யி, அதையாவது காலால நடக்கலாம்னு.

யாரு கேக்கறாங்களா? அவங்க ஸ்கூல்ல அருணா மேடம்னு சயின்ஸ் டீச்சரு. பெங்களூர்ல ஏதோ காலேஜ்காரங்களோட சேந்து இருவது புள்ளைங்களுக்கு இத குடுத்தாங்க. வெளிய இருந்து யாரோ வந்து நம்மள அளந்து எழுதிகினு போவாங்களே, அந்த மாதிரி இல்லக்கா. புள்ளைங்களே அளக்கணும், புள்ளைங்களே எழுதணும். ஏன் இப்பிடி இருக்குது, எத மாத்துனா உடம்பு நல்லா இருக்கும்னு அவங்களே உக்காந்து பேசி முடிவு பண்ணணும். எத்தன தப்படி, எத்தன டம்ளர் தண்ணி, எத்தன மணி நேரம் தூக்கம், கடைல என்ன பாக்கெட்டு வாங்கித் தின்னோம், எல்லாத்துக்கும் நோட்டுல கட்டம்.

எனக்கு மொதல்ல எரிச்சல். தண்ணி குடிக்கறதுக்குக் கூடவா ஒரு நோட்டுன்னு திட்டினேன். அப்புறம் பாத்தா, அவங்க கண்டுபுடிச்சது என்ன தெரியுமா? பொண்ணுங்க பத்து பேருல ஒம்போது பேரு காலைல எட்டு மணியோட சரி. சாயங்காலம் வீட்டுக்கு வர வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. ஏன்னு அவங்களே ஒவ்வொருத்தரா கேட்டு எழுதினாங்க. ஸ்கூல் கக்கூசுக்கு உள்பக்கம் தாப்பா இல்ல, அவ்ளோதான். அந்தக் கட்டத்த அட்டைல பெருசா வரைஞ்சு எடுத்துகினு போயி ஹெட்மாஸ்டர் மேசைல வெச்சாங்க. நாலே நாள்ல தாப்பா வந்துச்சு. வருசக் கணக்கா யாருக்கும் தெரியாததாக்கா அது? எல்லாருக்கும் தெரியும். எண்ணி எழுதினப்புறம் யாரும் தெரியாத மாதிரி இருக்க முடியல.

எனக்கும் ஒரு கட்டம் போட்டா அவ. அம்மா நீ இன்னிக்கு எத்தன டம்ளர்னு கேப்பா. ரெண்டும்பேன். செவப்பு பேனாவால எழுதுவா. மறுநாளும் ரெண்டுதான். ஒரு வாரம் பாத்துட்டு, என் சோத்துப் பையில ஒரு பாட்டில் வெச்சா. இத முடிக்காம வீட்டுக்கு வந்தா கதவு தொறக்க மாட்டேன்னா.

இருங்க, திரும்பிட்டு வரேன்.

அறுநூத்தி பத்து. நடுவுல சின்ன பஸ் ஏதும் வரலியே? சரி.

ஏன் ஆயிரம்னா, அது ஒரு கணக்குக்கா. மேடம் போட்டதில்ல, புள்ளைங்க போட்டது. மேகலான்னு ஒரு பொண்ணு, எங்க ப்ரியா பெஞ்சுதான். திடீர்னு அவ தப்படி குறைஞ்சுகினே வந்துச்சு. எண்ணூறு, ஐநூறு, எரநூறு. சோம்பேறின்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. பத்து நாள் கழிச்சுப் பாத்தா மஞ்ச காமாலை முத்திப் போயி வீட்ல சுருண்டு கிடக்கறா. எங்க ப்ரியா அன்னிக்கி ராத்திரி சாப்பிடல. எண்ணு நம்ம கையிலயே இருந்துச்சே, பாத்துகினே சிரிச்சோமேன்னு அழுதா. அப்புறம் அவதான் குரூப்புல சொன்னா. இனிமே யாருக்காவது மூணு நாள் தொடர்ந்து ஆயிரத்துக்குக் கீழ வந்தா, நாலாம் நாள் காலைல மேடமும் ரெண்டு பொண்ணுங்களும் வீட்டுக்கே போயிப் பாக்கணும். போன் பண்ணிக் கேக்கறதில்ல, நேர்ல போகணும். ஆள கண்ணால பாக்கணும். எல்லாரும் சரின்னாங்க. லீவுலயும் தினம் ஒம்போது மணிக்குள்ள எண்ண போட்டோ புடிச்சு அனுப்பிடணும். ரெண்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. ஒரு வீட்ல கதவே தொறக்கலியாம். மேடம் அர மணி நேரம் தட்டிகினே நின்னிருக்காங்க.

அதான் பயம். எங்க வீட்டுக்கு வந்தா வம்பு. எங்க வீட்டுக்காரருக்கு அந்த மேடம் பேரக் கேட்டாலே ஆவாது. காரணம் இருக்குது. சனி ஞாயிறுல பசங்க தப்படி ரெண்டு மடங்கு ஏறுது, பொண்ணுங்களுது பாதியா எறங்குதுன்னு எழுதி வெச்சாங்க. கிரவுண்டு பசங்க கையில, தெருவுல தனியா நின்னா ஆயிரம் கேள்வி. பத்து பேரும் ஒன்னா போனா யாரு என்ன சொல்லுவாங்கன்னு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏரிக்கரை மேல நடக்க ஆரம்பிச்சாங்க. நல்லாத்தாங்கா இருந்துச்சு. புள்ளைக்கு நல்லா பசி எடுத்துச்சு, படுத்தா தூங்கினா. ஒரு நாள் டீக்கடைல எவனோ இவருகிட்ட, உம் பொண்ண தினமும் ஏரிக்கரைல பாக்கறேனேன்னு சொல்லிட்டான். சொன்ன விதம் அப்பிடி. இவரு வீட்டுக்கு வந்து அந்த நோட்டக் கிழிச்சாரு. நடந்ததுதாங்கா தப்பு. வேற ஒன்னும் இல்ல, சத்தியமா.

போட்டோவா? நான்தான் அனுப்பறேன். அவ போன்ல இருந்துதான்.

ஆமா... போனும் இங்கதான் இருக்குது. அதையும் மறந்துட்டா.

அப்பிடிப் பாக்காதீங்கக்கா.

இவரு வாங்கி வெச்சுக்கினாரு. ராத்திரி என்கிட்ட குடுப்பாரு, போட்டோ போனதும் வாங்கிக்குவாரு. எண்ணெல்லாம் பாக்க மாட்டாரு, போச்சான்னு மட்டும் கேப்பாரு. ப்ரியாவ விட்டா குரூப்புல எதாவது சொல்லிடுவான்னு, நீயே கட்டிகினு நட, யாரும் தேடி வரக் கூடாதுன்னாரு. எட்டு நாளா நடக்கறேன். நல்லாத்தான் நடக்கறேன், ஒரு நாளும் ஆயிரத்துக்குக் குறையல.

மணி என்னாவுது? ஆறே காலா. கொஞ்சம் தள்ளுங்கக்கா, நானும் உக்காந்துக்கறேன்.

எழுநூத்தி பன்னண்டு. போதும்.

இல்ல, ஆயிரம் ஆவல. தெரியும். இன்னிக்கி திங்கக்கிழமை. இன்னிக்கி, நாளைக்கு, புதன். மூணு நாளு. வியாழக்கிழமை காலைல மேடம் வந்து கதவ தட்டுவாங்க. நாளைல இருந்து உக்காந்தேன்னா அவங்க வெள்ளிக்கிழமை காலைலதான் வருவாங்க. வெள்ளிக்கிழமை விடியக்காலைல நாத்தனார் பையனோட கல்யாணம்.

ப்ரியாவுக்குத்தாங்கா. பதினாறு முடிஞ்சு ரெண்டு மாசம். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடணும்னு.

அந்தக் குழந்தைங்க ஹெல்ப்லைன் நம்பர் எனக்குத் தெரியும், ஸ்கூல் செவுத்துலயே எழுதியிருக்குது. போன் பண்ணா யாரு பண்ணதுன்னு மொதல்ல என்னத்தான் கேப்பாங்க. நான் போன் பண்ணல. யாருகிட்டயும் போயி நிக்கல. கை வலிக்குது, கால் வலிக்குது, நடக்க முடியல, அவ்ளோதான். வந்து எங்கம்மா பொண்ணுன்னு மேடம் கேட்டாங்கன்னா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன். நாத்தனார் வீட்டு அட்ரஸ மனப்பாடமா சொல்லுவேன்.

கழட்ட முடியாதுக்கா, வாசல்லயே கையப் பாப்பாரு. பஸ் எறங்கி வீட்டுக்கு எரநூத்தி நாப்பது தப்படி, எண்ணி வெச்சிருக்கேன். அது போக ஆயிரத்துக்கு நாப்பத்தெட்டுதான் மிச்சம் இருக்குது. பஸ் வந்தா நீங்க முன்னாடி ஓடிப் போயி படிக்குப் பக்கத்துல எனக்கு ஒரு சீட்டு போட்டு வெக்கிறீங்களா?