தன் பெயரை நீக்கும் மனு

"என் பேரை நீக்கச் சொல்ற மனுவை நானே எழுதித் தாரேன், முதலாளி."

பிள்ளைகளே, பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். சட்டசபைத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரான சமயம் அது; எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அப்போது வாக்கு. கங்காணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாக்குரிமை கொடுக்கக் கூடாது என்று மனுப் போட வந்திருந்தார் ஒரு கடை முதலாளி. ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கடையிலேயே மறந்துவிட்டார்.

"தொகுதி எல்லைக்கோட்டை வளைச்சு உம்ம தோட்டத்தை உள்ளே இழுத்தது உம்ம கட்சிதானே, கங்காணி?" என்றார் முதலாளி.

"போன தடவை பஜாரைச் சுத்திக் கோடு போட்டது உங்க ஆளுங்க. அப்ப மட்டும் இனிச்சுதாக்கும்! மனு வாங்குற சன்னலை மூடப் போறாங்க, சொல்லுங்க, எழுதுறேன்."

"எழுதும். 'இந்தக் கங்காணிக்கு ஓர் எழுத்தும் தெரியாது.'"

கங்காணி தாளைச் சுவரில் வைத்து அப்படியே எழுதினார். முதலாளி இடத்தைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, சன்னலில் நீட்டினார்.

"முத்து முத்தா இருக்கே! யார் எழுதினது?" என்று கேட்டார் சன்னலுக்குள் இருந்த கிளாக்கர்.

"நான்தாங்க," என்றார் கங்காணி. "இன்னும் எங்க தோட்டத்து ஆளுங்க மூணு பேர் மேலயும் முதலாளி மனுப் போடணுமாம். அவங்களும் பின்னாலதான் நிக்கிறாங்க. ஆளுக்கொண்ணா அவங்களே எழுதிக் கொடுத்துருவாங்க."