இரங்கல் கூட்டத்துக்கு இடம் போதவில்லை

எங்கள் சங்கக் கூட்டங்களில் டீ எப்போதும் ஆறித்தான் வரும். குறையாகச் சொல்லவில்லை ஐயா. நீங்கள் கொடுத்த டீ சூடாக இருந்ததால் நினைவு வந்தது.

லிஃப்ட் மெக்கானிக்குகள் சங்கத்தில் நான் இளைஞர் அணிச் செயலாளர். வயது ஐம்பத்து மூன்று. நிர்வாகிகளில் சின்னவன் நான்தான்.

அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைவர் பல்செட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, டீயில் ஊறிய பிஸ்கட்டை உறிஞ்சுவார். பொருளாளர் வாயைத் திறந்தபடி தூங்குவார். எச்சில் சட்டைப் பை வரை இறங்கும். அறையே ஈரச் சாக்கு மாதிரி நாறும். அந்த நாற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, இளைஞர்களை ஈர்ப்பது எப்படி என்று பேசுவோம். கேரம் போர்டு வாங்கினோம். வாட்ஸ்ஆப் குழு ஆரம்பித்தோம். தலைவர் விடாமல் காலை வணக்கம் போட, ஆளாளுக்குக் கழன்றுகொண்டார்கள்.

மிஞ்சியவன் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். வேலையில் என் ஜோடி.

"உன் வயசுப் பசங்க ஏன்டா ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்?"

"எதுக்குண்ணே வரணும்? தலைவரோட பல்லைப் பாக்கவா?"

"நீ மட்டும் வர்றியே."

"நீங்க கூப்பிடுறீங்க. பாவமா இருக்கு."

போன வருடம் வேறொரு கம்பெனிப் பையன் லிஃப்ட் குழியில் நசுங்கிச் செத்தான். இரங்கல் கூட்டம் போட்டோம். மண்டபம் கொள்ளவில்லை. பையன்கள் சுவரோரம் நின்று அழுதார்கள், மூக்கை உறிஞ்சியபடியே உறுப்பினரானார்கள். "நல்ல கூட்டம்யா," என்று தலைவர் என் காதில் சொன்னார். கொஞ்ச நாளில் எல்லாரும் காணாமல் போனார்கள். சங்கத்தை மூடிவிடலாம் என்று தீர்மானம் வந்தது. என்னை எழுந்து நின்று வரவேற்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான், ஐயா.

எங்கள் தொழிலில் குழிக்குள் இறங்குபவன் மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி அதில் தன் பூட்டைப் போடுவான். பெற்ற தகப்பனிடம்கூடச் சாவியைக் கொடுக்க மாட்டான். தீர்மானம் வந்த வாரம் ஒரு கட்டடத்தில் வேலை; சுருட்டையும் பூட்டை எடுத்தான்.

"செயலாளரே காவல் நிக்கும்போது பூட்டு எதுக்குடா?" என்றேன்.

"அதுவும் சரிதான். பொருளாளர் மாதிரி தூங்கிடாதீங்கண்ணே," என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

தூங்கவில்லை. அவன் குனிந்து வேலையில் மூழ்கிய பிறகு வாசலோரம் இருந்த சுவிட்சைப் போட்டு லிஃப்டைக் கீழே வரவழைத்தேன். சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். தலைவர் டீ உறிஞ்சுவதைவிட மோசமில்லை.

இரங்கல் கூட்டத்துக்குத் தெருவரை நின்றார்கள். சங்கத்தை மூடும் பேச்சு அடங்கியது. அவன் அம்மா, "உங்களைத்தான் அண்ணன் அண்ணன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீரும் சளியுமாக இருந்த கை. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்த பையன்கள்தான் ஒன்றுகூடி, அந்தத் தெருவில் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, எதிர்க்கடை கேமராவில் நான் சுவிட்சைப் போடுவதைக் கண்டுபிடித்தார்களாமே. சங்க வேலைக்கு அவர்கள் இப்படித் திரண்டு நான் பார்த்ததே இல்லை. இளைஞர் அணிச் செயலாளர் என்ற முறையில் எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.