தாய்மாமன் மடி

"மச்சான், ஒங்க எம்.எல்.ஏ. எங்க கட்சிக்கே வந்துட்டாரு. இனிமே நாம பேசிக்கலாம்ல?"

சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர். கேட்டவர், முதுநகரில் ஏறும்போதே பக்கத்திலிருந்த கரைவேட்டிக்காரருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தார். கரைவேட்டிக்காரரின் தங்கை புருஷனாம்.

"போனவரு எப்படி மாப்ள எங்க எம்.எல்.ஏ. ஆவாரு?"

"அன்னிக்கு அவருக்கு எதிரா நான் ஓட்டு கேட்டேன்னுதானே பெரியவ காதுகுத்துக்கு நீங்க வரல? தாய்மாமன் மடி இல்லாம, எங்க சித்தப்பா மடியில உக்கார வெச்சோம். ஒங்க தங்கச்சி அன்னிக்குச் சாப்புடவே இல்ல."

"தப்புதான் மாப்ள. ஒருத்தர நம்பி ஒறவ விட்டுட்டேன்."

"அடுத்த மாசம் சின்னவளுக்குக் குத்துறோம். வந்துடுங்க."

"வராம இருப்பனா? சீரோட வரேன். பத்திரிகை அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு. தலைமை எம்.எல்.ஏ.தான்."

"எந்த எம்.எல்.ஏ.?"

"அவருதான் மச்சான். இப்பதான் நம்மாளு ஆயிட்டாரே."

கரைவேட்டிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பு.முட்லூர் தாண்டியும் திரும்பவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைந்ததும் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"ஒங்க சித்தப்பா ஊர்லதான இருக்காரு? சின்னவளையும் அவரு மடியிலயே உக்கார வெச்சுடுங்க மாப்ள."