ஏறாத கோடு

— பொய் சொல்லச் சொல்லலையேக்கா. கோர்ட்ல கம்பெனி வக்கீல் கேப்பாரு, கேஸ் போட்ட கும்ரானோட எச்சில்ல அழுத்த ஹார்மோன் கூடவா கம்மியான்னு. கம்மின்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க. அது உண்மைதானே.

— பாதி உண்மைடா ஜொங்கில். சூப் ஆறுது, குடி.

— மீதியை யாரும் கேக்கப் போறதில்ல.

— கேக்காட்டியும் சொல்லுவேன். கண்ணு முழிச்சதும் அந்த ஹார்மோன் மேல ஏறணும், பொழுது சாயச் சாய இறங்கணும். நீயும் நானும் ஒரே ஆய்வுக்கூடத்துல எலியை வச்சுக்கிட்டுத்தானே இதைக் கத்துக்கிட்டோம். அவளுக்குக் காலையில ஏறவே இல்ல. கோடு தட்டையாக் கிடக்கு.

— கம்பெனி டாக்டரும் அதைத்தான் சொல்றாரு. ஹார்மோன் கம்மி, அதனால வேலையில அழுத்தம் இல்ல, அவ சுபாவமே அப்படின்னு.

— சுபாவமா? அந்தக் கால் சென்டர்ல என்ன நடந்துச்சுன்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?

— நோட்டீஸ்ல படிச்சேன். வேலை நேரத்துல சொல்லாம கொள்ளாம வெளிய போயிட்டதா இருந்துச்சு.

— போனா. யாரோ ஒருத்தன் போன்ல அவ அம்மாவை இழுத்துத் திட்டித் தீர்த்தான். நடுவுல போனை வைக்கக் கூடாதுன்னு கம்பெனி சட்டம். முடிஞ்சதும் தலையில மாட்டின மைக்கைக்கூடக் கழட்டாம பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போயி, வர்ற பஸ்ஸுக்கெல்லாம் குனிஞ்சு, ‘உங்களை நேசிக்கிறோம் வாடிக்கையாளரே’ன்னு சொல்லிக்கிட்டு நின்னா. புருஷன்தான் வந்து கூட்டிட்டுப் போனான். அவன் பேரு கேட்டா அவளுக்குத் தெரியல.

— பாவம்தான். நான் இல்லேங்கலை. ஆனா பாருங்கக்கா, நம்ம ஆய்வுக்கூடத்தோட புதுக் கட்டடமே அந்தக் கம்பெனி குடுக்குறது. அஸ்திவாரம் போட்டாச்சு. நம்ம தலைவர் என்னைக் கூப்பிட்டு, ‘உங்க அக்காவை நீங்கதான் பாத்துக்கணும்’னாரு.

— பாத்துக்கோ. அதுக்குத்தானே சோறு வாங்கிக் குடுக்குற.

— கிண்டல் பண்ணாதீங்க. நீங்க சாட்சிக் கூண்டுல ஏறி இப்படிச் சொன்னா ஆய்வை நிறுத்திடுவாங்க. உங்க அறையையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. அப்புறம் இந்தத் தேகு ஊர்ல உங்களை யாரு சேத்துப்பா?

— பஸ் ஏறி வேற ஊருக்குப் போறேன். எலி எல்லா ஊர்லயும் இருக்கு.

— அக்கா...

— கேளு. ஓயாம அலாரம் அடிச்சா மூளை ஒரு கட்டத்துல ஒயரைப் பிடுங்கிப் போட்டுரும். சத்தம் இல்லைங்கறதுக்காக வீட்ல தீ இல்லைன்னு நான் கோர்ட்ல சொல்லணுமா? அதுவும் நான் எடுத்த எச்சிலைக் காட்டி? அவ என்னை நம்பித்தான் துப்பினா. சொல்ல மாட்டேன். தலைவர்கிட்ட அப்படியே போய்ச் சொல்லு.

— தட்டையா இருந்தா நோயாளின்னு நீங்க சொல்லுவீங்க. நல்லா இருக்குறவங்களுக்கும் அப்படி வரும்னு அவங்க வக்கீல் சொல்லுவாரு. ஒப்பிட்டுப் பாக்க நம்ம ஆபீஸ் ஆளுங்ககிட்டயும் எடுத்தீங்களே, எல்லாருக்கும் ஒழுங்கா ஏறி இறங்குச்சா?

— எல்லாருக்கும் இல்ல. ஒருத்தருக்குக் கும்ரானை விட மோசம்.

— பேர் போடாமத்தானே வாங்கினீங்க?

— பேர் போடல, நம்பர் மட்டும்தான். ஆனா அந்தக் கோட்டைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல. ஆளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ஆய்வு நெறிமுறைக் கமிட்டியில அனுமதி வாங்கி யாருன்னு பாத்தேன். எனக்கு மட்டும்தான் தெரியும்.

— யாரு, வாசல்ல இருக்குற காவல்காரரா? ராத்திரியெல்லாம் முழிச்சிருக்காரு.

— இல்ல.

— பின்ன? ஏன்க்கா என்னையே பாக்குறீங்க?

— தலைவர் கூப்பிடுறப்போ எல்லாம் எழுந்து நின்னு போன் பேசுறியே, அது உனக்குத் தெரியுமா? நீ கடைசியா கோவப்பட்டது எப்போ? அழுதது? உங்கப்பா அடக்கத்துலகூட வந்தவங்களுக்குச் செருப்பு அடுக்கி வச்சுக்கிட்டு நின்ன. அன்னிக்கு நான் கல்லுன்னு நெனச்சேன்டா உன்னை.

— அப்போ அந்த மோசமான கோடு என்னோடதா?

— கோர்ட்ல அதைப் பத்தி வாய் திறக்க மாட்டேன். உன்னைப் பயமுறுத்தவும் சொல்லல. ஒரு நல்ல டாக்டரைப் போய்ப் பாருன்னுதான் சொல்றேன்.

— வாய் திறங்கக்கா. நல்லா இருக்குறவனோட கோடு இல்ல, அது என் கோடுன்னு பேரோட சொல்லுங்க. நம்பலேன்னா நானே கூண்டுல ஏறித் துப்புறேன்.