கூடைக்கு அடியில் ஒரு பந்துத் தடம்

இருதயம்மாள்: ...அப்ப இந்தக் கூடைய நான் தொடக்கூடாது. அப்படித்தான?

யாக்கோபு: தொடவும் கூடாது, கிட்டப் போகவும் கூடாது. சாணி வாளியத் தூக்கிட்டு அங்கிட்டுப் போங்க மதினி. இன்னைக்கு மொழுகல் கிடையாது.

இருதயம்மாள்: ஞாயித்துக்கிழமை விடிஞ்சா டென்னிஸ் கோர்ட்டுக்குச் சாணி மொழுகணும்னு பதினோரு வருசமா எனக்குச் சொன்னது யாரு?

யாக்கோபு: நாந்தான். இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுததும் நாந்தான்.

இருதயம்மாள்: மாட்டுப்பட்டிப் பண்ணையில இருந்து நேத்தே வந்துட்டு. சீமைமாட்டுச் சாணி. வீணாப் போயிருமே.

யாக்கோபு: போகட்டும்.

இருதயம்மாள்: கொழுந்தனாரே... மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? லயத்து வீடுகள்ல ஆளுக்கொண்ணு பேசுதாக. தேயில பேக்டரி டீமேக்கர் மத்தியாஸ் பெரிய துரையத் தோக்கடிச்சிட்டாருன்னு ஒருத்தி சொல்லுதா. இல்ல, ஆட்டம் பாதியில நிக்கின்னு இன்னொருத்தி...

யாக்கோபு: ரெண்டும் சரிதான்.

இருதயம்மாள்: அது எப்படி ரெண்டும் சரியாகும்?

யாக்கோபு: மத்தியாஸ் கடைசியா அடிச்ச பந்து அந்த மூலையில விழுந்துச்சு. ஒசந்த நாற்காலியில உக்காந்து தீர்ப்பு சொல்லுதது நான். 'உள்ள'ன்னு சொல்லிட்டேன். உள்ளன்னா கோப்பை மத்தியாசுக்கு. துரை 'வெளிய'ன்னாரு. அதுக்குள்ள பனி எறங்கி, தரையில தடம் சரியாத் தெரியல. ஒடனே ஒரு தேயிலக் கொழுந்துக் கூடையக் கொண்டாரச் சொல்லி, பந்து விழுந்த எடத்துல கவுத்துட்டாரு.

இருதயம்மாள்: கோழிய அடைக்குத மாதிரி.

யாக்கோபு: வெளையாடாதீக. காலையில மத்த எஸ்டேட்டு துரைமாரு ரெண்டு பேரு வந்து, நல்ல வெளிச்சத்துல தடத்தப் பாத்து முடிவு சொல்லப் போறாக. சாணித்தரையில பந்து விழுந்தா முத்திரை குத்தின மாதிரி தடம் இருக்கும்ல.

இருதயம்மாள்: தடம் வெளிய இருந்தா?

யாக்கோபு: ஆட்டம் தொடரும். நான் தொடர மாட்டேன். 'பொய்த் தீர்ப்பு சொல்லியிருந்தா நாளைக்கே லயத்தக் காலி பண்ணிட்டு மலைய விட்டு எறங்கு'ன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டாரு. வேலையும் வீடும் அந்தக் கூடைக்கு அடியிலதான் கெடக்கு.

இருதயம்மாள்: வீடுன்னா உங்களுக்கு மட்டுமா? உங்க அண்ணன் செத்தப்பொறம் நானும் எம்மகளும் அங்கதான கெடக்கோம்.

யாக்கோபு: தெரியாமலா இருக்கேன். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல.

இருதயம்மாள்: ...அவுக வர இன்னும் நேரம் இருக்குல்ல. எனக்கு இந்த வெளையாட்டச் சொல்லிக் குடுங்க.

யாக்கோபு: இப்பவா? பதினோரு வருசமா ஒரு வார்த்த கேக்காத ஆளு...

இருதயம்மாள்: வெறுதே கேக்கேன். பயந்துகிட்டு நிக்கதுக்குப் பேசிக்கிட்டு நிக்கலாம்ல.

யாக்கோபு: என்ன தெரியணும்?

இருதயம்மாள்: துரைமாருக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணத் தெரியாதா? பதினஞ்சு, முப்பது, நாப்பதுன்னு ஏலம் விடுத மாதிரி கத்துதீக.

யாக்கோபு: பழைய துரை ஒரு கதை சொல்லுவாரு. அந்தக் காலத்துல கடிகார முள்ளத் திருப்பிக் கணக்கு வச்சாகளாம். கால் மணி, அர மணி, முக்கா மணி...

இருதயம்மாள்: முக்கா மணின்னா நாப்பத்தஞ்சுல்ல வரும்?

யாக்கோபு: அந்த அஞ்ச எவனோ ஒரு சோம்பேறி முழுங்கிட்டான். கதை நெசந்தானான்னு துரைக்கே தெரியாது.

இருதயம்மாள்: ஒண்ணுமே எடுக்காதவனுக்கு 'லவ்'வுன்னு சொல்லுதீகளே... மொத மொதக் கேட்டப்ப எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. இந்த மனுசன் நாற்காலியில ஏறி உக்காந்து துரைசானியப் பாத்து என்ன பேச்சுப் பேசுதாருன்னு.

யாக்கோபு: அது சைபரு மதினி. சைபரு முட்டை மாதிரி இருக்குல்ல? பிரெஞ்சுக்காரன் முட்டைக்குச் சொல்லுத பேருதான் அப்படி மாறிட்டுன்னு சொல்லுவாக. அதுவும் கதைதான்.

இருதயம்மாள்: பிரெஞ்சுக்காரன் எங்க இருந்து நடுவுல வந்தான்?

யாக்கோபு: மூலமே அங்கதான். மடத்துச் சாமியாருங்க முத்தத்துல நின்னு உள்ளங்கையால பந்தடிச்சு வெளையாடினாகளாம். கை வலிச்சு உறை மாட்டினாக, பொறகு மட்டை வந்துச்சு. அத இங்கிலீசுக்காரன் நூறு வருசத்துக்கு முந்தி புல்தரைக்குக் கொண்டாந்து சட்டம் எழுதினான்.

இருதயம்மாள்: சாமியாருங்களா? நம்ம பங்குச்சாமிக்குக் கீழ விழுந்த செபமாலைய எடுக்கவே ரெண்டு ஆளு வேணும்.

யாக்கோபு: சிரிக்க வைக்காதீக.

இருதயம்மாள்: சிரிங்க. அப்பத்தான் மூஞ்சி பாக்க சகிக்கி... சரி, ஆரம்பிக்கையில ஒருத்தரு அடிச்ச பந்து வலையில மாட்டினா, ரெண்டாவது ஒண்ணு அடிக்க விடுதீகளே. அது என்ன நியாயம்?

யாக்கோபு: மொத அடிக்கு ரெண்டு வாய்ப்பு. அது சட்டம்.

இருதயம்மாள்: நல்ல சட்டந்தான். கொழுந்துல நாலு முத்தல் எல கெடந்தா நம்ம கங்காணி ரெண்டாவது வாய்ப்பா தாரான்? தராசுலயே கழிச்சிருதான்.

யாக்கோபு: அதான் இதத் துரைமாரு வெளையாட்டுன்னு சொல்லுதது.

இருதயம்மாள்: இப்ப அப்படியா இருக்கு? மத்தியாஸ் ஆடுதாரு. நம்ம லயத்துல பொம்பளையாளுக வரைக்கும் தேயிலப் பொட்டிப் பலகைய வெட்டி வச்சுக்கிட்டு, துணிப்பந்த அடிச்சிட்டுத் திரியுதாளுக.

யாக்கோபு: எல்லாம் ரேடியோ பண்ணின வேலை. போன வருசம் டேவிஸ் கோப்பையில இந்தியா கடைசி ஆட்டம் வரைக்கும் போச்சுல்ல, அதுல இருந்துதான் இந்தக் கிறுக்கு.

இருதயம்மாள்: ஜெயிச்சுதா?

யாக்கோபு: ஆடவே இல்ல. தென்னாப்பிரிக்காகூட ஆடணும். தோல் நெறத்தப் பாத்து மனுசனப் பிரிச்சு வைக்குத தேசம், அவங்ககூட ஆட மாட்டோம்னு நம்மாளுக கோப்பையவே விட்டுட்டாக.

இருதயம்மாள்: கைக்கு எட்டின கோப்பையவா?

யாக்கோபு: ஆமா. அதக் கேட்டப்பொறம் இந்த நாற்காலியில ஏறி உக்கார எனக்கு வெக்கமா இருந்துச்சு.

இருதயம்மாள்: உங்களுக்கு எதுக்கு வெக்கம்?

யாக்கோபு: ...ஒண்ணுமில்ல. அடுத்தது கேளுங்க.

இருதயம்மாள்: நேத்து அந்த ஒத்தப் பந்துக்கு ஏன் இம்புட்டு அடிதடி?

யாக்கோபு: நாப்பதும் நாப்பதும் சமமா நின்னா, அடுத்தடுத்து ரெண்டு எடுத்தவனுக்குத்தான் வெற்றி. ஒண்ணு எடுத்து ஒண்ணு விட்டா திரும்பவும் பழைய எடம். நேத்து ஏழு தடவ அப்படியே ஏறி எறங்கிச்சு. எட்டாவது தடவ மத்தியாஸ் ஒண்ணு எடுத்துட்டாரு. ரெண்டாவதுதான் இந்தப் பந்து.

இருதயம்மாள்: சரி... கோட்டப் பத்திச் சொல்லுங்க.

யாக்கோபு: கோட்டுக்கு என்ன?

இருதயம்மாள்: இந்தச் சுண்ணாம்புக் கோடு, மூணு வெரக்கட அகலம் இருக்கே. சடுகுடுல கோட்ட மிதிச்சா ஆளு போச்சு. பாண்டி ஆடுததுலயும் கோட்ட மிதிச்சா போச்சு. இதுலயும் பந்து கோட்டுல பட்டா போச்சுதான?

யாக்கோபு: இல்ல மதினி. இதுல கோடும் உள்ளதான். வெள்ளையில ஒரு நூலு ஒரசினாலும் பந்து உள்ள.

இருதயம்மாள்: கோடும் உள்ளயா?

யாக்கோபு: ஆமா, கோடும் உள்ளதான்.

இருதயம்மாள்: பாதி வெள்ளையிலயும் பாதி வெளியவும் பட்டா?

யாக்கோபு: உள்ள.

இருதயம்மாள்: முக்காவாசி வெளிய கெடந்தா?

யாக்கோபு: அப்பவும் உள்ளதான். அதான் சொல்லுதேன்ல.

இருதயம்மாள்: இத நேத்தே ஒரு வார்த்த வீட்டுல சொல்லக்கூடாதா?

யாக்கோபு: நீங்க கேட்டாத்தான சொல்ல முடியும். வந்து கம்பளியப் போத்திப் படுத்தவன எங்க பேச விட்டீக, கஞ்சி குடி கஞ்சி குடின்னு...

இருதயம்மாள்: சரி, விடுங்க. பந்து கோட்டுல பட்டத உங்க கண்ணால பாத்தீகளா?

யாக்கோபு: பாத்ததாலதான சொன்னேன்.

இருதயம்மாள்: மாதா கோயில் இருக்குத தெசையப் பாத்துச் சொல்லுங்க.

யாக்கோபு: பந்தப் பாக்கல.

இருதயம்மாள்: பாக்கலியா?

யாக்கோபு: பனி மதினி. மத்தியாஸ் மட்டைய வீசினது தெரிஞ்சுச்சு. பந்து விழுந்த சத்தம் கேட்டுச்சு. அம்புட்டுத்தான். துரை திரும்பி என்னை ஒரு பார்வ பாத்தாரு. இருவது வருசமா அந்தப் பார்வைக்கு 'வெளிய'ன்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். எத்தன பேரு நல்ல பந்த நான் கெடுத்திருக்கேன்னு கணக்கே கிடையாது. நேத்தும் அப்படித்தான் வாயத் தெறந்தேன். 'உள்ள'ன்னு வந்துட்டு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

இருதயம்மாள்: அப்ப நீங்க சொன்னது பொய்யின்னா...

யாக்கோபு: பொய்யா நெசமான்னு தெரியாததுதான் கொல்லுது. பொய்யின்னா துரை சொல்லுததுல ஒரு தப்பும் இல்ல, நான் போக வேண்டியவந்தான். கூடையத் தூக்கிப் பாத்துரலாம்னு ரெண்டு தடவ வந்தேன், தொடாமலே திரும்பிட்டேன். வெள்ளி மொளைக்கையில போயி, பூட்டின கோயில் வாசல்ல முழங்கால் போட்டுட்டு இப்பத்தான் வாரேன்.

இருதயம்மாள்: தடம் கோட்டுல இருந்தா?

யாக்கோபு: இருந்தா நான் ராசா. கண்ணு பாக்காதத வாயி சரியாச் சொல்லிட்டுன்னு அர்த்தம். பெரிய துரை மத்தத் துரைமாருக்கு முன்னாடி என் கையப் பிடிச்சுக் குலுக்கித்தான் ஆகணும். நம்மள யாரும் இந்த மலைய விட்டு எறக்க முடியாது... ஜீப்புச் சத்தம் கேக்கா?

இருதயம்மாள்: கேக்கு. வளைவுல திரும்பிட்டு. கொழுந்தனாரே, அந்தக் கூடையத் தூக்க விடாதீக.

யாக்கோபு: அதத் தூக்கத்தான வாராக... மதினி, இப்ப எதுக்கு அழுதீக? எல்லாம் நல்லபடியா முடியும். ஆண்டவரு இருக்காரு.

இருதயம்மாள்: துரை சொன்னத ராத்திரியே லயத்துல கேள்விப்பட்டு, நீங்க கோயில் வாசல்ல கெடக்கையில நான் வந்து கூடையத் தூக்கிப் பாத்துட்டேன். தடம் கோட்டு மேலதான் இருந்துச்சு, பாதி வெள்ளையில, பாதி வெளிய. கோட்டத் தொட்டா போச்சு, உங்களத் தெருவுல நிறுத்திருவாகன்னு பயந்து, ரெண்டு கைச் சாணியப் போட்டு நல்லா மொழுகிட்டேன். அதுக்கு அடியில இப்பத் தடமும் இல்ல, கோடும் இல்ல.